ஆமைக்கு வாங்கிய கைப்பிடித் தொட்டி

1

நான் விருத்தாசலத்தை விட்டுக் கிளம்பி இந்த வாரத்தோடு பதினான்கு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தவன். ஜெர்மனியின் மேற்கே, களிமண்ணுக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதி வந்தால் நான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பால்கனி என்று நடந்துகொண்டே இருப்பேன். "ஏங்க, செத்த உக்காருங்க, பாக்கற எனக்குத் தல சுத்துது" என்பாள் என் மனைவி கவிதா. அவள் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. எதையும் ஒரு தடவைதான் சொல்வாள்.

இந்த வருஷம் அதே நாளில் என் மகள் கயல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஷூ டப்பாவோடு வந்தாள். பன்னிரண்டு வயது. டப்பாவைத் திறந்தால் தீப்பெட்டி அளவில் ஒரு தரை ஆமைக்குஞ்சு. அவளுடைய தோழி வீட்டில் ஆமை வளர்க்கிறார்கள். போன வருஷம் பொரித்த குஞ்சுகளில் ஒன்றை இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கவிதா கரண்டியோடு வந்து பார்த்தாள். "ஆம பூந்த வூடு உருப்படாதும்பாங்க, தெரியுமில்ல?"

"இது வாடகை வூடுதான. அந்தக் கவல வூட்டுக்காரருக்கு" என்றேன்.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் கயல் சிரிக்கவில்லை. "அப்பா, இதுக்கு உள்ள வைக்கறதுக்கு ஒரு இடம் வேணும். குளிர் போற வரைக்கும் வெளிய விட முடியாது. பெருசா வேணும்" என்றாள். அந்தப் 'பெருசா'வை இரண்டு முறை சொன்னாள்.

எனக்கு உடனே எரிச்சல் வந்தது. காரணம் ஆமை இல்லை, அண்ணன். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் என் அண்ணன் செல்வராசு ஃப்யூஸ் கட்டை, சின்னச் சின்ன இன்சுலேட்டர் எல்லாம் செய்யும் யூனிட் வைத்திருக்கிறார். ஒட்டினாற்போல இருக்கும் பக்கத்து ஷெட்டும் அவர் கையில்தான் இருக்கிறது. "நீ வந்தா ரெண்டையும் சேத்துப் போட்டு நடத்தலாம். தைக்குள்ள ஒரு முடிவச் சொல்லு தம்பி" என்று இந்த வருஷமும் சொல்லியிருந்தார். நானும் இந்த வருஷமும் "பாக்கறேண்ணே" என்று சொல்லியிருந்தேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிற மனுஷனிடம் வந்து, பெரிசாக ஒன்று வாங்கு என்றால் எப்படி இருக்கும்?

2

சனிக்கிழமை செல்லப்பிராணிக் கடைக்குப் போனோம். ஆமைக்கென்று ஒரு வரிசையே இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடித் தொட்டிகள். நம் ஊர் மிட்டாய்க் கடை ஷோகேஸ் போல, மூன்று பக்கமும் பளபளவென்று. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் தொட்டிகள். கடைசியில், மேலே மூடி இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு மரப்பலகை அடைத்து, கட்டில் நீளத்துக்கு ஒரு மேஜை. அதற்குள் மண் கொட்டி, ஒரு மூலையில் விளக்குத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கடைக்காரம்மாள் அறுபது வயது இருக்கும். அவரிடம் ஏதோ கேட்கப் போய், அவசரத்தில் மரியாதை இல்லாமல் ஒருமையில் கேட்டுவிட்டேன். பதினான்கு வருஷமாகியும் இந்த மொழி என் வாயில் வாடகைக்குத்தான் இருக்கிறது. கயல் என் சட்டையை இழுத்துத் திருத்தினாள். அந்தம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விளக்கினார். கண்ணாடி வேண்டாமாம். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே ஆமைக்குப் புரியாது, வெளியே தெரிகிற இடத்துக்குப் போகலாம் என்று நாள் முழுக்க அதில் முட்டிக்கொண்டே நடக்கும் என்றார். காற்றும் உள்ளே தேங்கிவிடும். வெளியே தெரியாத மரப்பலகைதான் நல்லது. ஒரு முனையில் வெயில் மாதிரி சூடு, மறுமுனையில் நிழல். இரண்டுக்கும் நடுவே அது நடந்து தன் உடம்புக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அதனால் நீளம் முக்கியம்.

எல்லாம் கேட்டேன். தலையும் ஆட்டினேன். கடைசியில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை எடுத்தேன். கண்ணாடி மாதிரி வெளியே தெரியாது, அதனால் பாதி சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. தூக்கிக்கொண்டு போகலாம்.

எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். மடிக்கிற மேஜை, கழற்றுகிற கட்டில், அடுக்கி வைக்கிற நாற்காலி. ஒன்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கிறோம், சுவரில் ஒரு ஆணி கிடையாது. சாமி படங்கள்கூட அலமாரியில் சாய்த்துத்தான் நிற்கின்றன. "கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவங்க மாதிரி இருக்கறோம், பந்தி முடிஞ்சா பாத்திரத்த ஏத்திக்கிட்டுக் கெளம்பறதுக்கு" என்று கவிதா ஒருநாள் சொன்னாள். அதையும் ஒரு தடவைதான் சொன்னாள்.

கடையிலிருந்து வரும்போது கயல் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

3

இங்கே இந்த வகை ஆமை வளர்க்க அரசாங்கத்தில் பதிய வேண்டும். நம்ப மாட்டீர்கள். ஆமைக்குச் சான்றிதழ் உண்டு. ஆமையின் ஓட்டை மேலும் கீழும் படமெடுத்து ஒட்டவேண்டும். கைரேகை மாதிரி ஒவ்வோர் ஆமைக்கும் ஓட்டின் கோடுகள் வேறாம். நானும் கவிதாவும் விசாவுக்கு அலைந்தபோது இவ்வளவு அக்கறையாக யாரும் எங்களைப் படம் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி படிவத்தைக் கொடுத்தார். பெயர், முகவரி, எங்கே வாங்கியது, எல்லாம் எழுதினேன். ஒரு கட்டத்தில் வந்து நின்றுவிட்டேன். பிராணி நிரந்தரமாக வைக்கப்படும் இடம் எது என்று கேட்டிருந்தது.

"நாங்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனால் இதைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று கேட்டேன்.

அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். இங்கிருந்து ஏற்றுமதி அனுமதி, அங்கே இறக்குமதி அனுமதி, எல்லாம் தனித்தனி என்றார். தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த காலத்தில் ஒருவருக்கும் அப்படி நடந்து பார்த்ததில்லை என்றார். "யோசித்து எழுதுங்கள். இது உங்களைவிட அதிக நாள் இருக்கும்" என்றும் சொன்னார்.

நான் கயலைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஓர் அதிர்ச்சியும் இல்லை. முன்பே படித்த பாடத்தை வாத்தியார் திரும்ப நடத்தும்போது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எங்கள் வீட்டு முகவரியை அழகான கையெழுத்தில் எழுதினாள்.

4

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். செராமிக் எஸ்டேட்டில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம்.

டிப்ளமா முடித்ததும் அண்ணன் யூனிட்டில்தான் முதலில் சேர்ந்தேன். அப்போது எங்களைப் போன்ற சின்ன யூனிட்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சூளையில் சரக்கு ஏற்றுவோம். சுடாத பச்சைச் சரக்கில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போயிற்று. உள்ளே சூடு ஏறும்போது பட்டென்று வெடிக்கும். வெடித்தது உன் சரக்காக இருந்தாலும் சில்லு போய் அடிப்பது பக்கத்துக்காரன் சரக்கை. ஒரு தடவை நான் காயப்போட்ட இன்சுலேட்டர்களில் நாலைந்து வெடித்து, அடுத்த யூனிட்காரர் ஏற்றியிருந்த அகல் விளக்கு அத்தனையும் மூளியாகிவிட்டது. அண்ணன் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சூளை வாசலில் எல்லார் முன்னாலும் எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஈரம் என்றால் எனக்குப் பகை. ஒரு சரக்கைக் கையிலெடுத்தால் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சூளைக்குப் போகலாம். இங்கே ஈரம் பார்க்கக் கருவி இருக்கிறது. ஆனாலும் யாரும் பார்க்காதபோது நான் கன்னத்தில் வைத்துத்தான் முடிவு செய்வேன்.

ஆமைத் தொட்டியிலும் அதைத்தான் செய்தேன். கயல் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து போட்டிருந்தாள். நார்த்தூள் மூட்டையில் 'இந்தியா' என்று அச்சிட்டிருந்தது. அவள் பள்ளிக்கூடம் போனதும் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். ஜில்லென்றிருந்தது. ஐயோ, பச்சைக் குழந்தை ஈரத்தில் கிடக்கிறதே என்று பதறி, மண்ணை எடுத்து ஹீட்டர் மேல் தட்டில் பரப்பிக் காயவைத்துத் திரும்பப் போட்டேன். விளக்கையும் தாழ்த்திக் கட்டினேன். தொட்டி சின்னது, ஒரே விளக்கில் முழுக்கச் சூடாகிவிட்டது. அதற்கு ஒதுங்க நிழல் மூலையே இல்லாமல் போயிற்று. தினமும் காலையில் இதே வேலை. எனக்கென்னவோ அந்தக் குஞ்சின் மேல் பாசம் வந்துவிட்டது. நானே கைப்பட அதற்கு ஏதோ செய்கிறேன் என்று ஒரு திருப்தி.

பத்தாவது நாள் அது கண்ணைத் திறக்கவில்லை. கீரை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. கயல் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "அப்பா, மண்ணு ஏன் இப்பிடித் தூளா இருக்கு?"

சொன்னேன். ஒளிக்கவில்லை.

மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் நீர் வற்றிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் பிழைத்திருக்காது என்றார். குஞ்சு ஆமைக்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், ஆனால் நீர் சொட்டக்கூடாது. வறண்டால் ஓடும் கோணலாக மேடு மேடாக வளரும். தினமும் வெதுவெதுப்பான நீரில் கழுத்தளவுக்குக் குறைவாக உட்கார வையுங்கள், தொட்டியை மாற்றுங்கள், நீளமாக வேண்டும் என்றார். "யார் இதை இவ்வளவு காயவைத்தது?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

5

காரில் ஏறி உட்கார்ந்தோம். நான் கிளப்பவில்லை. கயலுக்குக் கோபம் வந்தால் ஜெர்மனுக்குப் போய்விடுவாள், எனக்குப் பாதி புரியாது, அதோடு சண்டை முடிந்துவிடும். அன்று தமிழிலேயே பேசினாள்.

"அது மண் பொம்ம இல்லப்பா."

"தெரியும்டா. தப்புதான்."

"நீ பெருசா வாங்கியிருந்தா அது நிழலுக்குப் போயிருக்கும். நீ ஏன் சின்னதா வாங்குனன்னு எனக்குத் தெரியும்."

நான் சாவியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"ஊருக்குத் தூக்கிட்டுப் போவன்னு வாங்குன. அது வராதுப்பா. ஆபீஸ்ல அவங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அதனாலதான் ஆமைய கேட்டேன். நாய் கேட்டிருந்தா அதையும் ப்ளைட்ல ஏத்திருப்ப."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, என்னைக் கட்டிப்போட ஆமையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"உனக்கு விருத்தாசலம் பிடிக்கலயா?" என்று கேட்டேன். கேட்டதும் தெரிந்தது, இது கேள்வியே இல்லை.

"பிடிக்கும். பெரியப்பாவ பிடிக்கும். அது இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து அடுத்த வருஷம் போறோம், அடுத்த வருஷம் போறோம்னு சொல்ற. நானும் எல்லார்கிட்டயும் அப்பிடியே சொல்லிட்டேன். ரெண்டு தடவ கிளாஸ்ல எனக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டு, போயிட்டு வான்னு கார்டு குடுத்தாங்க. ரெண்டு தடவயும் நான் லீவு முடிஞ்சு திரும்பி அங்கயே போய் உக்காந்தேன். இப்ப நான் போறேன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. இருக்கேன்னு சொன்னாலும் நம்பறதில்ல. நீச்சல் டீம்ல சேக்க மாட்டேங்கறாங்க, நீதான் போயிடுவியேன்னு."

அந்தக் கார்டுகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவள் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. என் அவஸ்தை என் ஒருவனுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசலாடியது நான், வெடித்தது நான், ஆனால் சில்லு போய் விழுந்தது என் பிள்ளை மேல். அழுகை வந்தது. அழுதேன். அவள் டிஷ்யூவை நீட்டினாள், மடியில் ஆமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே.

6

மரக்கடைக்குப் போய்ப் பலகை வாங்கினேன். இரண்டு மீட்டர் நீளம். கயல்தான் அளவு சொன்னாள். உள்ளே, தோட்டத்துக் குளங்களுக்கு அடியில் போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் தாளை விரித்து, ஈரம் மரத்தில் இறங்காமல் செய்தோம். ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் புதைந்துகொள்ள ஆழமான மண். மண்ணைக் கயல் பிடித்துப் பார்த்துச் சரி என்றாள். நான் கன்னம் வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டு நிறுத்திக்கொண்டேன்.

எடை தாங்க மேஜையைச் சுவரோடு திருகாணி போட்டுப் பொருத்த வேண்டியிருந்தது. துளை போடலாமா என்று வீட்டுக்காரருக்கு எழுதினேன். தாராளமாக என்று பதில் வந்தது. ஒன்பது வருஷமாக நீங்கள் ஏன் கேட்கவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதியிருந்தார். துளை போடும்போது கவிதா பக்கத்தில் நின்று பார்த்தாள். முடிந்ததும் அலமாரியிலிருந்து முருகன் படத்தை எடுத்துவந்து, "இதுக்கும் ஒன்னு போட்டுருங்க" என்றாள்.

நாலாம் நாள் ஆமை கண்ணைத் திறந்தது. ஒரு வாரத்தில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன்.

யூனிட்டில்தான் இருந்தார். பின்னால் தட்டுகளில் ஃப்யூஸ் கட்டைகள் அடுக்கியிருந்தன. "என்னா தம்பி, சாப்டியா? புள்ள நல்லா இருக்குதா?"

"இருக்குதுண்ணே. அண்ணே, அந்தப் பக்கத்து ஷெட்ட வேற ஆளுக்கு வுட்டுடுங்க. நான் வரல."

"இந்த வருசம் தோது இல்லன்னா அடுத்த தைக்குப் பாத்துக்கலாம், அதுக்கென்ன."

"இல்லண்ணே. அடுத்த தைக்கும் இல்ல. லீவுக்கு வருவோம், போவோம். இருக்கறதுக்கு வரல. இத முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரல் விரலாகக் களிமண்ணைத் துடைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"வேப்பூர்க்காரர் ஒருத்தர் ரெண்டு தடவ வந்து கேட்டாரு" என்றார். "சேத்தியாத்தோப்புலேர்ந்து அண்ணந்தம்பி ரெண்டு பேரு ஜோடியா வந்து நின்னாங்க. அத்தினி பேருக்கும் எந்தம்பி வரான், எந்தம்பி வரான்னு சொல்லித்தான் அனுப்பி வச்சேன். இனிமே யாராவது கேட்டா என்னாத்தச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

ஷெட் ஏதோ சாமான் போட்டுவைக்கக் கிடக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கயல் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"பெரியப்பா, என் ஆமைய பாக்கறீங்களா?"

மேஜைக்கு மேலே போனைப் பிடித்தாள். அது சீமைக் கீரை இலை ஒன்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத் திங்குது. இது எம்மாம் பெருசு ஆவும் கண்ணு?"

"ரெண்டு கை சேத்து வச்ச மாதிரி. ஆனா அதுக்கு ரொம்ப வருஷம் ஆகும், பெரியப்பா."

"அப்ப சரி" என்றார் அண்ணன். "நான் பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டு வந்து பாக்கற வரைக்கும் சின்னதாவே இருக்கும்னு சொல்லு."

பதினான்கு வருஷத்தில் தான் இங்கே வருவதாக அவர் சொன்னது அன்றுதான்.